முன்னாள் அரசு வழக்கறிஞர்கள் பரோல் வாரியத்தில்: ஒருவர் ஒதுங்கினால் நட்டம் யாருக்கு?

#1 தராசுமுள்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தின் மன்னிப்பு மற்றும் பரோல் வாரியம் பற்றி மரண தண்டனை இழையில் பேச்சு வந்து பாதியில் நின்றுபோனது. அதைத் தனியாகப் பேசுவோம்.

மரண தண்டனைக் கைதி ரிச்சர்ட் கிளாசிப்பின் கருணை மனு 2023 ஏப்ரல் 26 அன்று விசாரணைக்கு வந்தது. வாரியத்தில் ஐந்து பேர், வாக்களித்தது நாலு பேர். இரண்டுக்கு இரண்டு என்று நின்றது, மனு தள்ளுபடி. ஐந்தாமவர் ரிச்சர்ட் ஸ்மாதர்மன், முன்னாள் மாவட்ட அட்டர்னி (குற்ற வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞர், இனி டி.ஏ. என்றே எழுதுகிறேன்). 2004ல் கிளாசிப் மீது நடந்த மறுவிசாரணையில் அரசுத் தரப்பை முன்னின்று நடத்தியவர் இவருடைய மனைவி. அதனால் ஒதுங்கிக்கொண்டார்.

ஒதுங்கியதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த நாற்காலி காலியாக இருந்ததால் நட்டப்பட்டது மனுதாரர் மட்டும்தான். "முன்னாள் அரசு வழக்கறிஞர்கள் வாரியத்தில் இருக்கலாமா" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "அவர்கள் ஒதுங்கும்போது அந்த வாக்கு எங்கே போகிறது" என்பதுதான் என் கேள்வி.

#2 கோப்புக்கட்டு

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விவாதம் காற்றில் நிற்கும்.

ஒக்லஹோமா அரசமைப்பின் 6ஆம் அதிகாரம், 10ஆம் பிரிவுதான் இந்த வாரியத்துக்கு அடிப்படை. ஐந்து உறுப்பினர்களில் மூவரைக் கவர்னர் நியமிப்பார். ஒருவரை மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும், இன்னொருவரைக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவரும் நியமிப்பார்கள். பதவிக்காலம் கவர்னருடையதோடு சேர்ந்தே ஓடும்.

மரண தண்டனையைக் குறைப்பதானால் வாரியம் பெரும்பான்மை வாக்கில் பரிந்துரைக்க வேண்டும். அது இல்லாமல் கவர்னர் விரும்பினாலும் குறைக்க முடியாது. பரிந்துரை வந்தால் அவர் ஏற்கலாம், மறுக்கலாம். வன்முறைக் குற்றங்களில் பரோலுக்கும் இதே வழிதான்: வாரியம், பிறகு கவர்னர். வன்முறையில்லாத குற்றங்களில் மட்டும் 2012ல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் கவர்னரை விலக்கிவிட்டார்கள். அங்கே வாரியத்தின் முடிவே கடைசி முடிவு.

வன்முறைக் குற்றத்துக்கான பரோல் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் கோப்பை மட்டும் பார்த்து வாக்கு. அதைத் தாண்டினால்தான் இரண்டாம் கட்டத்தில் கைதி வாரியத்தின் முன் பேச முடியும். பெரும்பாலானோர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். முன்னாள் அரசு வழக்கறிஞரின் கண் அதிகம் வேலை செய்வதும் அந்தக் கட்டத்தில்தான். எதிரில் ஆள் கிடையாது, காகிதம் மட்டும்தான்.

#3 எண்சுவடி

தராசுமுள் கேட்டதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு உறுப்பினரும் ஆம், இல்லை இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்புள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் அப்படி யாருமில்லை, கணக்குக்காகத்தான்.

ஐந்து பேர் வாக்களித்து மூன்று தேவை என்றால் வாய்ப்பு 50 சதவீதம். ஒருவர் ஒதுங்கி, நாலு பேரில் மூன்று தேவை என்றால் 31.25. இருவர் ஒதுங்கினால் மிச்சமுள்ள மூவரும் ஆம் சொல்ல வேண்டும், 12.5 சதவீதம்தான்.

ஒதுங்கிய ஒவ்வொருவரும் சத்தமில்லாமல் "இல்லை" சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று அர்த்தம். "வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும்" என்று விதியை மாற்றினாலும் கிளாசிப்புக்கு உதவியிருக்காது. இரண்டுக்கு இரண்டு எந்த வகையிலும் பெரும்பான்மை ஆகாது. இரட்டைப்படை எண்ணில் வாக்கெடுப்பு நடத்துவதே கோளாறு.

#4 ராயபுரம்வாசி

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். எதிர்ப்பக்கத்தையும் சொல்லி வைக்கிறேன்.

குற்ற வழக்குக் கோப்பைப் படிக்கத் தெரிந்தவர் வாரியத்தில் ஒருவராவது வேண்டும். பேரம் பேசி குற்றத்தை ஒப்புக்கொண்ட வழக்கில் எந்தக் குற்றச்சாட்டு நிஜம், எது பேரத்துக்காக ஏற்றி வைத்தது என்று முன்னாள் டி.ஏ.வுக்குத்தான் சட்டெனப் பிடிபடும். பழைய தண்டனைகளைக் காட்டி ஆண்டுகளை எப்படி அடுக்கினார்கள், உடன் குற்றவாளிக்கு ஏன் பாதி தண்டனை, அரசுத் தரப்புச் சாட்சிக்கு என்ன சலுகை போனது, இதெல்லாம் ஒரு சமூகப் பணியாளருக்கு முதல் வாசிப்பில் தெரியாது.

தவிர, அரசு வழக்கறிஞர் என்றாலே கருணைக்கு எதிரி என்று எழுதுவது கிளாசிப் வழக்கிலேயே பொய்யாகிறது. அந்த விசாரணையில் கருணை காட்டச் சொல்லி நேரில் வந்து கேட்டவர் மாநில அட்டர்னி ஜெனரல் ஜென்ட்னர் டிரம்மண்ட். மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரே கேட்டும் மூன்று வாக்கு தேறவில்லை.

#5 கோப்புக்கட்டு

ராயபுரம் சார், கோப்பைப் படிக்கத் தெரியும் என்பதை ஏற்கிறேன். எந்தக் கோப்பு என்பதையும் பாருங்கள். வாரியத்துக்குப் போகும் கட்டில் மேலே இருப்பது காவல்துறையின் ஆரம்ப வாக்குமூலமும் குற்றப்பத்திரிகையும். நீதிமன்றத்தில் நிற்காமல் போன குற்றச்சாட்டுகளும் அதில் அப்படியே கிடக்கும். அதன்பின் டி.ஏ. அலுவலகத்தின் எதிர்ப்புக் கடிதம். சிறையில் படித்தது, வேலை செய்தது, ஒழுங்கு நடவடிக்கை எதுவுமில்லாத ஆண்டுகள் எல்லாம் பின்பக்கங்களில்.

அரசு வழக்கறிஞராக இருபது வருஷம் பழகியவர் முதல் பக்கத்தைத் தன்னுடைய பக்கம் என்று எடுத்துக்கொள்வார். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, பழக்கம் போதும். "குற்றம் எவ்வளவு கொடூரம்" என்பதை நீதிபதி ஏற்கெனவே எடைபோட்டுத் தண்டனை கொடுத்துவிட்டார். "இந்த ஆளை இப்போது வெளியே விட்டால் என்ன ஆகும்" என்பதுதான் பரோலில் கேட்க வேண்டியது. முதல் கேள்விக்கே திரும்பத் திரும்பப் போனால் அது பரோல் விசாரணை ஆகாது, பழைய வழக்கின் இரண்டாம் ஆட்டம்.

மனு தயாரிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: வாரியத்தில் டி.ஏ. பின்னணி உள்ளவர்கள் இருந்தால், குற்றத்தைப் பற்றிய பகுதியைச் சுருக்கி மழுப்பாதீர்கள். அவர் எப்படியும் அதைத்தான் முதலில் படிப்பார். நடந்ததை நேராக, ஒப்புக்கொண்ட அளவுக்கு எழுதிவிட்டு, எந்தக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது என்பதற்கான நீதிமன்ற ஆவணத்தை அதே இடத்தில் இணையுங்கள். பின்னிணைப்பில் போட்டால் பார்க்கமாட்டார்கள்.

#6 சிறைவழி

அலபாமாவைச் சேர்க்காமல் இந்த விவாதம் முழுமையாகாது. அங்கே வாரியத்தில் மூன்றே பேர். 2018ல் பரோலில் வெளிவந்த ஒருவர் மூன்று பேரைக் கொன்றார். அதையொட்டி 2019ல் சட்டத்தைத் திருத்தி, கவர்னரின் பிடியை இறுக்கினார்கள். அதே ஆண்டு தலைவராக வந்தவர் லீ குவாத்னி, அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் வழக்கு நடத்தியவர். அதற்கு முன் பாதிக்கு மேல் இருந்த பரோல் அனுமதி 2023 நிதியாண்டில் 8 சதவீதத்துக்கு இறங்கியது. வாரியத்தின் சொந்த வழிகாட்டுதல் படிவம் பெரும்பாலானோரை விடுவிக்கலாம் என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் இது.

அங்கே கைதி விசாரணைக்கு வருவதே கிடையாது, காணொலியில்கூட இல்லை. குடும்பத்தினரோ வக்கீலோ பேசலாம். எதிரே பாதிக்கப்பட்டவர்களும் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் ஆளும் பேசுவார்கள். மறுத்தால் அடுத்த விசாரணையை ஐந்து வருஷம் வரை தள்ளிவைக்கலாம்.

2025ல் குவாத்னிக்குப் பதில் ஹால் நேஷ் தலைவரானார். அவரும் சட்ட அமலாக்கப் பின்னணிதான். ஆனாலும் ஒருவரின் பழைய வேலையை மட்டும் வைத்து ஜோசியம் சொல்ல முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

#7 எண்சுவடி

மூன்று பேர் வாரியத்தில் ஒருவர் ஒதுங்கினால் கணக்கு இன்னும் மோசம். மூன்றில் இரண்டு என்றால் 50, இரண்டில் இரண்டு என்றால் 25.

#8 ராயபுரம்வாசி

8 சதவீதத்தை முன்னாள் அரசு வழக்கறிஞர் தலையில் கட்டுவது அவசரம். மூன்று கொலைகளுக்குப் பிறகு யார் தலைவராக வந்திருந்தாலும் கதவு மூடித்தான் இருக்கும். ஒரு பரோல் தவறினால் உறுப்பினரின் பெயர் பத்திரிகையில் வரும். தகுதியான ஆயிரம் பேரை மறுத்தால் யார் பெயரும் வராது. இந்த ஒருபக்கப் பயம் எல்லா வாரியங்களிலும் உண்டு, போதகர் உட்கார்ந்தாலும் சரி, மனநல மருத்துவர் உட்கார்ந்தாலும் சரி.

#9 சிறைவழி

பயம் பொது என்பது சரி. சட்டம் யாரை உள்ளே கொண்டுவருகிறது என்பது பொது இல்லையே. அலபாமாவில் குறைந்தது ஒருவராவது வன்முறைக் குற்றப் புலனாய்விலோ கைதிலோ மேற்பார்வையிலோ 10 வருஷ அனுபவமுள்ள சட்ட அமலாக்க அதிகாரியாக இருக்க வேண்டும் என்று 2019 சட்டம் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய வக்கீல் ஒருவர் வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஒக்லஹோமாவில் மனநலம், போதை சிகிச்சை, சமூகப் பணி ஆகியவற்றில் ஐந்து வருஷ அனுபவமுள்ள இருவர் வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். ஒப்பிட்டால் அது பரவாயில்லை.

பென்சில்வேனியாவும் நெப்ராஸ்காவும் இன்னும் ஒரு படி மேலே. "முன்னாள்" என்ற பேச்சே இல்லை, பதவியில் இருக்கும் அட்டர்னி ஜெனரலே மன்னிப்பு வாரியத்தில் ஒரு உறுப்பினர். பென்சில்வேனியாவில் ஆயுள் தண்டனையைக் குறைக்க 1997 முதல் ஐந்து பேரும் ஒருமனதாக ஆம் சொல்ல வேண்டும். ஆக அட்டர்னி ஜெனரல் கையில் இருப்பது தனி வீட்டோ.

#10 புதுவைக்காரி

ஒரு சந்தேகம். தான் வழக்கு நடத்திய ஆளின் மனுவில் தானே வாக்களிப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டதாகப் படித்தேனே? அது வாரியங்களுக்குப் பொருந்தாதா?

#11 தராசுமுள்

நீங்கள் சொல்வது 2016ல் வந்த வில்லியம்ஸ் எதிர் பென்சில்வேனியா தீர்ப்பு. ரொனால்டு காஸ்டில் பிலடெல்பியாவின் டி.ஏ.வாக இருந்தபோது டெரன்ஸ் வில்லியம்ஸுக்கு மரண தண்டனை கேட்க ஒப்புதல் தந்தவர். பிறகு மாநிலத் தலைமை நீதிபதியாகி, அதே வில்லியம்ஸின் வழக்கில் ஒதுங்க மறுத்து வாக்களித்தார். முக்கியமான முடிவில் தனிப்பட்ட முறையில் கணிசமாகப் பங்கெடுத்தவர் பிறகு நீதிபதியாக உட்காரக் கூடாது என்று 5க்கு 3 பெரும்பான்மையில் சொன்னார்கள். அவர் வாக்கு முடிவை மாற்றவில்லை என்ற வாதமும் எடுபடவில்லை.

ஆனால் அது நீதிபதிகளுக்கான அளவுகோல். கருணை மனுவை நீதிமன்றங்கள் வேறு தட்டில் வைக்கின்றன. 1979ல் கிரீன்ஹோல்ட்ஸ், 1981ல் டம்ஷாட் தீர்ப்புகளின்படி, பரோலோ தண்டனைக் குறைப்போ கைதிக்குத் தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. 1998ல் ஒஹையோவின் வுட்டர்டு வழக்கில் நீதிபதி ஓ'கானரும் அவரோடு சேர்ந்த மூன்று நீதிபதிகளும் ஒரு சின்ன இடுக்கு விட்டார்கள்: காசு சுண்டிப் போட்டு முடிவெடுப்பது மாதிரியான நிலையில் நீதிமன்றம் தலையிடலாம் என்றார்கள். அந்த இடுக்கில் நுழைந்து வென்றவர்கள் மிகக் குறைவு.

ஒரு வேடிக்கை: கிளாசிப் வழக்கு கடைசியில் உச்ச நீதிமன்றம் போனபோது அங்கேயும் ஒரு நாற்காலி காலி. நீதிபதி கோர்சச் கலந்துகொள்ளவில்லை. சாட்சியின் பொய்யை அரசுத் தரப்பு திருத்தாமல் விட்டது என்று சொல்லி 2025 பிப்ரவரி 25 அன்று தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள். இரண்டுக்கு இரண்டில் விழுந்த மனுவின் ஆள் இவர். 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத் தடை வராதிருந்தால் இந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார்.

#12 ராயபுரம்வாசி

ஒதுங்கச் சொல்லிக் கேட்பது மனுதாரர் மட்டும் எடுக்கும் ஆயுதம் இல்லை. மரண தண்டனைக் கைதி ஜூலியஸ் ஜோன்ஸ் வழக்கில், 2021ல், ஒக்லஹோமா கவுண்டி (மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் மாதிரி) டி.ஏ. டேவிட் பிரேட்டர் வாரியத்தின் ஆடம் லக், கெல்லி டாயில் இருவரும் கைதிகள் மறுவாழ்வு வேலையோடு தொடர்புள்ளவர்கள், பாரபட்சமானவர்கள், ஒதுங்க வேண்டும் என்று நீதிமன்றம் போனார். மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நவம்பர் 1 அன்று தண்டனையைக் குறைக்கச் சொல்லி 3க்கு 1 என்று பரிந்துரை போனது, நவம்பர் 18 அன்று நிறைவேற்றத்துக்குச் சில மணி நேரம் முன்பு கவர்னர் ஸ்டிட் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

#13 எண்சுவடி

அந்த 3க்கு 1ஐ நன்றாகப் பாருங்கள். ஸ்காட் வில்லியம்ஸ் ஏற்கெனவே ஒதுங்கியிருந்தார். பிரேட்டர் கேட்டபடி லக், டாயில் இருவரும் போயிருந்தால் மிச்சம் லேரி மோரிஸும் ஸ்மாதர்மனும் மட்டும். மூன்று வாக்கு தேவைப்படும் இடத்தில் இரண்டு பேர். விசாரணை நடத்துவதே வீண். எந்தப் பக்கத்திலிருந்து ஒதுங்கச் சொன்னாலும் விளைவு ஒரே திசையில்தான் போகிறது.

#14 கோப்புக்கட்டு

அதனால்தான் நடைமுறையில் நான் சொல்லும் முறை வேறு. சுருக்கமாக:

மனு போட்ட உடனேயே ஐந்து உறுப்பினர்களின் பழைய பணியைத் தேடுங்கள். எந்த கவுண்டி, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை. டி.ஏ.வாக இருந்தவர் என்றால் அவர் கையெழுத்து குற்றப்பத்திரிகையில் இருக்கிறதா, மேல்முறையீட்டு மனுவில் பெயர் இருக்கிறதா, முந்தைய பரோல் விசாரணைகளில் எதிர்ப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறாரா என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். கீழே இருந்த வழக்கறிஞர் நடத்திய வழக்கும் டி.ஏ.வின் பெயரில்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தை நேர்மையாக எழுதுங்கள், இல்லாவிட்டால் மற்ற புள்ளிகளும் மதிப்பிழக்கும். துணைவர், பழைய கூட்டாளி, பிள்ளைகள் வேலை பார்த்த அலுவலகம், இதுவும் பட்டியலில் வேண்டும்.

பிறகு வாரியத்தின் சட்ட ஆலோசகருக்கு எழுத்தில் கேளுங்கள். வெறுமனே "ஒதுங்குங்கள்" என்று கேட்காதீர்கள். முதலில் தொடர்பை வெளிப்படுத்தக் கேளுங்கள். அடுத்து, ஒதுங்கினால் முழு எண்ணிக்கையில் வாரியம் கூடும்வரை விசாரணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் கேட்டவர்கள் தங்கள் வாய்ப்பைத் தாங்களே குறைத்துக்கொண்டவர்கள்.

ஒக்லஹோமாவில் திறந்த கூட்டச் சட்டம் வாரியத்துக்கும் பொருந்தும். நிகழ்ச்சி நிரல் 24 மணி நேரம் முன்பே ஒட்டப்பட வேண்டும், சனி ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் வராது. வாக்குகள் பெயர் சொல்லிப் பதிவாகும். உங்கள் கோரிக்கை குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறாததை வைத்துப் பிறகு நீதிமன்றத்தில் பேச முடியாது.

மரண தண்டனை வழக்கானால் கவர்னரிடம் தனியாக ஒரு கோரிக்கை போகட்டும். வாரியம் இல்லாமலே 60 நாள் வரை நிறைவேற்றத்தை ஒத்திவைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கிளாசிப்புக்கே 2022ல் ஸ்டிட் அப்படிச் செய்திருக்கிறார்.

#15 புதுவைக்காரி

வாக்குகளே வெளியே தெரியாத மாநிலத்தில் என்ன செய்வது? ஜார்ஜியா?

#16 சிறைவழி

ஜார்ஜியா தனி ரகம். அங்கே கவர்னருக்குக் கருணை அதிகாரமே இல்லை, 1943 முதல் எல்லாம் ஐந்து பேர் வாரியத்திடம். பதவிக்காலம் ஏழு வருஷம். மரண தண்டனையைக் குறைக்க மூன்று வாக்கு. வாரியத்தின் கோப்புகள் சட்டப்படி மாநில ரகசியம். மனுதாரரின் வக்கீலால்கூட எதிர்ப்புக் கடிதத்தைப் பார்க்க முடியாது.

2025 டிசம்பரில் ஸ்டேசி ஹம்ஃப்ரீஸின் வழக்கில் இதே சிக்கல் வெடித்தது. வாரிய உறுப்பினர் ஒருவர் அந்த வழக்கு நடந்த காலத்தில் காப் கவுண்டி டி.ஏ. அலுவலகத்தில் பாதிக்கப்பட்டோருக்கான உதவியாளர். இன்னொருவர், விசாரணை மாற்றப்பட்ட கிளின் கவுண்டியின் அப்போதைய ஷெரிஃப், அதாவது காவல் தலைவர். ஒதுங்கினாலும் மூன்று வாக்கு அப்படியே தேவை என்பதால், வெறும் ஒதுங்கல் போதாது என்று வக்கீல்கள் வாதிட்டார்கள். டிசம்பர் 17க்குக் குறித்திருந்த நிறைவேற்றத்தை வாரியமே நிறுத்திவைத்தது.

கவனிக்க: இருவரில் யாரும் அரசு வழக்கறிஞரே இல்லை. முன்னாள் டி.ஏ. பட்டியலை மட்டும் தேடியிருந்தால் இந்த இரண்டு பெயரும் சிக்கியிருக்காது. கோப்புக்கட்டின் பட்டியலில் டி.ஏ. அலுவலகத்தின் மற்ற ஊழியர்கள், ஷெரிஃப், சிறைக் கண்காணிப்பாளர் எல்லோரையும் சேருங்கள்.

#17 வடகரை மாறன்

நம்ம ஊர் 161ஆம் பிரிவோடு ஒப்பிட்டால் எப்படி? பேரறிவாளன் வழக்கு மாதிரி?

#18 தராசுமுள்

மாறன், அது அமைச்சரவை, ஆளுநர், தாமதம் என்று வேறு பாதை. இங்கே கலந்தால் இரண்டும் குழம்பும். தனி இழை போடுங்கள், வந்து பேசுகிறேன்.

#19 ராயபுரம்வாசி

சரி, தீர்வு? மாற்று உறுப்பினர் வைத்தால் முடிந்ததா?

#20 தராசுமுள்

மாற்று உறுப்பினர்தான் என் வாதமும். ஆனால் சட்டமன்றத்தில் ஒரு மசோதா போட்டு முடிக்கும் வேலை இல்லை. "ஐந்து உறுப்பினர்", "பெரும்பான்மை வாக்கு" இரண்டும் ஒக்லஹோமா அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறது. திருத்த வேண்டுமானால் மக்கள் வாக்கெடுப்பு. சட்டமன்றத்தின் இரு அவைகளும் அனுப்பலாம். இல்லையென்றால் கடைசிக் கவர்னர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 15 சதவீதம் பேரின் கையெழுத்து வேண்டும்.

இன்னொரு கண்ணி, மாற்று ஆளை யார் நியமிப்பது. கவர்னரிடம் விட்டால், நீதிமன்றம் நியமித்த உறுப்பினர் ஒதுங்கும் நாளில் நாலாவது நாற்காலியும் கவர்னரின் ஆளுக்குப் போகும். அதனால் யார் நியமித்த உறுப்பினரோ அவரே மாற்று ஆளையும் முன்கூட்டியே பெயர் குறித்து வைக்க வேண்டும். ஒதுங்கல் வந்த பிறகு தேடினால் வழக்கைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள்.

#21 எண்சுவடி

மாற்று ஆள் வந்தாலும் கவர்னர் கட்டம் மிச்சம் இருக்கிறது. வாரியம் 3க்கு 2 என்று பரிந்துரைத்தும் ஸ்டௌஃபர் 2021ல், காடிங்டன் 2022ல், ஹான்காக் 2023ல், லிட்டில்ஜான் 2024ல் என்று நாலு பேரின் தண்டனை நிறைவேறியது. 2025 நவம்பரில் டிரிமேன் வுட்டுக்கும் அதே 3க்கு 2. அவருக்கு மட்டும் நிறைவேற்றத்துக்குச் சில நிமிடம் முன்பு ஸ்டிட் ஆயுளாகக் குறைத்தார்.

#22 கோப்புக்கட்டு

அந்த ஐந்து பேருக்கும் ஒரு வாக்குதான் வித்தியாசம். ஒருவர் ஒதுங்கி, அவர் ஆம் பக்கமாக இருந்திருந்தால் கவர்னர் மேசைக்கே போயிருக்காது. வுட் உட்பட.

அரசமைப்பைத் திருத்தும் மக்கள் வாக்கெடுப்பு வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: நிறைவேற்ற நாள் குறிக்கும் கட்டத்திலேயே ஒதுங்கல் பிரச்சினையைக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோய், முழு வாரியம் கூடக்கூடிய நாளுக்குப் பின்னால் தேதி கேளுங்கள். தேதி விழுந்தபின் கேட்டால் அது தடை மனு ஆகிவிடும், சுமை முழுவதும் உங்கள் பக்கம்.